சக்கர நாற்காலியில் அமர்ந்து சிலம்பம் பழகும் முறை

காவிரிக் கரையில் சிலம்பம் பழகுவோர் ஆற்று மணலை விரும்பினாலும், மணலில் சக்கரம் புதையும் என்பதால், நாற்காலியில் அமர்ந்து பழகுபவருக்குச் சிமெண்டு நெற்களமே ஏற்றது. சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியில் களம் நெல்லுக்கு உரியதாகையால் அப்போது பள்ளித் திடலை நாடலாம்.

நின்று சுற்றுபவருக்குப் பொருந்தும் நெற்றி உயரக் கம்பு, அமர்ந்திருப்பவருக்குத் தரையிலும் சக்கரத்திலும் இடிக்கும். ஆகவே, தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் மெதுவாகச் சுழற்றிப் பார்த்து, எங்கும் தட்டாத அளவுக்குக் கம்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இரு சக்கரங்களின் பிரேக்கையும் பூட்டி, இடுப்புப் பட்டையை மாட்டிய பிறகே சுற்றத் தொடங்க வேண்டும். முதுகுத்தண்டுக் காயத்தால் இருக்கையில் உடலை நிமிர்த்தி வைத்திருக்க முடியாதவர், ஒரு கையால் நாற்காலியைப் பற்றிக்கொண்டு மறுகையால் குறுங்கம்பு மட்டும் பழகலாம்.

நாள் முழுதும் சக்கரத்தைத் தள்ளும் அதே தோள்தான் கம்பையும் சுற்றுகிறது. ஆசான்கள் எளிதில் மறந்துவிடும் செய்தி இது. தோளில் வலி தொடங்கினால் அன்றைய பயிற்சியை நிறுத்துங்கள். அழுத்தப்புண் வராதிருக்க, 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை உடலைத் தூக்கியோ சாய்த்தோ இருக்கையின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும்.

தற்காப்புக்கு அலங்காரச் சுற்றுகள் உதவா. பின்னாலிருந்து நாற்காலியைப் பிடித்துத் தள்ளுபவரை எதிர்கொள்வதையே துணைவர் ஒருவருடன் பழகுங்கள்: பிரேக்கைப் பூட்டுதல், உரக்கக் கூவுதல், திரும்பிக் கம்பு முனையால் அவர் கையை விலக்குதல். இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, 2023, 34ஆம் பிரிவு முதல் தற்காப்பு உரிமையை ஏற்கிறது; தேவைக்கு மிஞ்சிய தீங்கு அதில் அடங்காது.