ஓர் ஓவியரின் கைபிடித்துக் கண்டியைப் பாருங்கள்
ஹட்டன், நானுஓயா பக்கமிருந்து கண்டிக்கு வருகிறவர்களே, தலதா மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். டேவிட் பெயின்டர் (1900–1975) என்ற ஓவியரின் வழியே நகரைப் பாருங்கள்.

முதலில் மாளிகையை அடுத்துள்ள, கண்டி மன்னர்களின் அரசவை மண்டபமான மகுல் மடுவவின் செதுக்கிய மரத்தூண்களை நன்றாகக் கவனியுங்கள். பிறகு அவர் படித்த திருத்துவக் கல்லூரியின் தேவாலயத்துக்குச் செல்லுங்கள். அதே பாணித் தூண்கள் அங்கே கல்லில் நிற்கின்றன. உள்ளே அவருடைய சுவரோவியங்கள். சிலுவைக் காட்சியின் முன் அவசரப்படாமல் நில்லுங்கள்: தாடியில்லாத இயேசு, சுற்றிலும் கண்டல் காடு. பாலஸ்தீனக் கதையை இலங்கை மண்ணில் வரைந்த அந்தத் துணிச்சல் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

பகல் வெளிச்சத்தில் போவதே நல்லது. பாடசாலை வளாகம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.