அரிவாள் மூக்கு உடைந்துபோனால் வீட்டிலேயே சரி செய்வது எப்படி?

கருவேலம் வெட்டும்போது கல்லில் பட்டோ, கணுவில் மாட்டியதைத் திருகி இழுத்ததிலோ வெட்டரிவாளின் மூக்கு, அதாவது வளைந்த நுனி, போய்விட்டதா? உடைந்தது அரை இன்ச்சுக்குள் என்றால் அரத்தை வைத்தே சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் பட்டறைக்குக் கொண்டு போங்கள், ஆசாரி காய்ச்சி அடித்து மூக்கை நீட்டி மறுபடி துவைச்சல் (காய்ச்சி முக்கி இரும்பைக் கெட்டியாக்குவது) போட்டுத் தருவார்.

முதலில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸைத் தேய்க்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளையில் முடி மாதிரி ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு முடிகிற இடம் வரை இரும்பை எடுத்தே ஆக வேண்டும், பாவம் பார்த்து விட்டுவைத்தால் அடுத்த வெட்டில் துண்டு தெறித்து யார் கண்ணில் பாயும் என்று தெரியாது.

அப்புறம் மார்க்கரால் புது மூக்கை வரைந்துகொள்ளுங்கள். புதிதாகச் செய்பவர்கள் வாய்ப் பக்கம், அதாவது வெட்டும் விளிம்பில், ராவி மூக்கைக் கொண்டுவரப் பார்ப்பார்கள், அது வெட்டி வேலை: இருந்த கூரும் போய், தடித்த இரும்பில் புதிதாக வாய் எடுக்க வேண்டி வரும். முதுகுப் பக்கத்திலிருந்து ராவி வாயோடு கொண்டுபோய்ச் சேருங்கள். அரிவாள் கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான்.

பழைய ஹோஸ் பைப்பைக் கீறி வாயில் மாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் மரத்துண்டு கொடுத்து வைஸில் இறுக்குங்கள். அரத்தை முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்த வேண்டும், திரும்பும்போது தூக்கிவிடுங்கள். அரம் பிடிக்காமல் வழுக்கினால் துவைச்சல் கெட்டியாக இருக்கிறது, கிரைண்டர்தான் வழி. அதில்தான் பலரும் காரியத்தைக் கெடுப்பது. நம் ஊர் அரிவாள்கள் நிறைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தவை, மூக்கு மெல்லிசு, சட்டென்று சூடேறும். இரண்டு மூன்று நொடி பட வைத்ததும் தண்ணீரில் முக்குங்கள். இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வந்தால் எச்சரிக்கை, நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் துவைச்சல் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

இனி ஹோஸைக் கழற்றிவிட்டுக் கூர். வளைவின் உள்பக்கம் தட்டை அரம் உட்காராது, அரைவட்ட அரம் வேண்டும். வாயோரம் மார்க்கர் பூசி ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், பழைய சரிவில் மை முழுதாகப் போனால் கோணம் சரி. பிசிறு எழுந்ததும் சாணைக்கல்லால் இரண்டு பக்கமும் எடுத்துவிடுங்கள். மூக்கை ஊசியாக்க வேண்டாம், முள்ளை இழுத்துப் போடத்தான் அது, ஊசியாக இருந்தால் மறுபடி ஒடியும்.

கடைசியாகப் பச்சைத் தென்னை மட்டையில் நாலு போடு போட்டு வாயைப் பாருங்கள். புது மூக்கருகே மடிந்திருந்தால் அங்கே சூடு ஏறியிருக்கிறது, மடிந்ததை இன்னும் கொஞ்சம் முதுகிலிருந்தே ராவி எடுத்துவிட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.