ரோஸ்மேரி வளர்ப்பு: தண்ணீர்க் கையைக் கொஞ்சம் கட்டிப்போடுங்கள்

சமையலுக்கு மணம் சேர்க்கும் மூலிகைச் செடி ரோஸ்மேரி. வாங்கிவந்த செடி சில வாரங்களிலேயே காய்ந்துபோகிறது என்று பலரும் புலம்புவதுண்டு. காய்ந்ததைப் பார்த்ததும் தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றுவார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது நேர் எதிர்: வேர் அழுகி, தண்ணீரை உறிஞ்ச முடியாமல் செடி காய்கிறது. இது மத்தியதரைக் கடலோரத்தில், கல் நிறைந்த வறண்ட சரிவுகளில் தானாக வளரும் புதர். துளசி, புதினா குடும்பம்தான். ஆனால் புதினாவுக்கு ஊற்றுவதுபோல் இதற்கு ஊற்றினால் பிழைக்காது.

1. குச்சியில் தொடங்குங்கள்

விதையை நான் பரிந்துரைக்க மாட்டேன். முளைப்பு குறைவு, முளைத்தாலும் வளர்ச்சி ஆமை வேகம். நல்ல செடி ஒன்றிலிருந்து பூக்காத கிளை நுனியை 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். ரொம்ப இளசும் வேண்டாம், மரமாகிப்போன பழைய தண்டும் வேண்டாம். வளைத்தால் வளைகிற, ஆனால் துவளாத தண்டுதான் சரி. அடிப்பக்கம் 5 செ.மீ. வரை இலைகளை உருவிவிட்டு, மணலும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த் தூள்) சம அளவு கலந்த ஈரக் கலவையில் நடுங்கள். வேர்விடத் தூண்டும் ஹார்மோன் தூள் இருந்தால் தொட்டு நடலாம், இல்லாவிட்டாலும் வேர்விடும்.

வெளிச்சம் இருக்க வேண்டும், நேர் வெயில் கூடாது. எல்லாக் குச்சியும் பிடிக்காது என்பதால் நாலைந்தாக நட்டுவையுங்கள். நாலு முதல் எட்டு வாரத்தில் வேர் வந்துவிடும். குச்சியை மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். கையோடு வராமல் மண்ணைப் பிடித்துக்கொண்டால் மாற்றி நடலாம்.

2. தொட்டியும் மண்ணும்

சுட்ட மண் தொட்டி நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் ஆவியாகும். அடியில் ஓட்டை கட்டாயம். தோட்ட மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய உரம் அரைப் பங்கு போதும். அடியில் கல் அடுக்கு போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் சொல்வதை நம்பாதீர்கள். கல்லுக்கு மேலே இருக்கும் மண்ணில்தான் ஈரம் தேங்கி நிற்கும். அதாவது வேருக்கு இன்னும் பக்கத்தில். மண் கொட்டாமல் இருக்க ஓட்டையின் மேல் ஒரு ஓட்டுத் துண்டு வைத்தால் ஆயிற்று.

3. தண்ணீர்

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், விரலை விட்டுப் பாருங்கள். மேல்மண் 3 முதல் 5 செ.மீ. வரை காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்றுங்கள். பிறகு அது காயும்வரை தொடாதீர்கள். தட்டில் வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

அதற்காகச் சுத்தமாகக் காயவிடவும் கூடாது. ரோஸ்மேரி இலை ஊசிபோல் விறைப்பானது. மற்றச் செடிகள்போல் வாடித் தொங்கிக் காட்டாது. பழுப்பு தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். முதலில் துவள்வது இளந்துளிர்தான், அதைக் கவனியுங்கள். அடியிலைகள் மஞ்சளாகி, தண்டின் அடி கறுத்துப் பிசுபிசுத்தால் அது வேரழுகல். அப்போது செடியைக் காப்பாற்றப் போராடுவதைவிட, மேலே நலமாக இருக்கும் நுனிகளை வெட்டிப் புதுக் குச்சிகளாக நடுவது உத்தமம்.

4. வெயில், உரம்

தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். உரம் அதிகமானால் செடி மளமளவென்று வளரும், மணம் குறைந்துவிடும். காற்றோட்டம் இல்லாமல் நெருக்கி வைத்தால் இலையில் சாம்பல் நோய் வரும்.

5. பறிப்பதும் கவாத்தும்

செடி நன்கு கிளைவிட்ட பிறகு நுனிகளைக் கிள்ளுங்கள். கிள்ளக் கிள்ளப் புதர்போல் அடர்ந்து வரும். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். இலையில்லாத பழைய கட்டை வரை வெட்டினால் அங்கிருந்து துளிர்ப்பது அரிது. வெட்டுக்குக் கீழே கொஞ்சம் பச்சை இலை எப்போதும் இருக்கட்டும்.

6. பயன்படுத்துவது

நுனியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அடிநோக்கி உருவினால் இலைகள் சுலபமாகக் கழன்றுவிடும். சூட்டுக்கு மணம் போகாத இலை, அதனால் சமையலின் தொடக்கத்திலேயே போடலாம். வறுத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, பூண்டு சேர்த்த சூப் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பொடியாக நறுக்குங்கள், முழு இலை வாயில் குத்தும். காய்ந்த இலை என்றால் பச்சை இலையின் அளவில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

பச்சை இலையை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்காதீர்கள். ஈரமும் காற்றில்லாத எண்ணெயும் சேர்ந்தால் பாட்டுலிசம் என்ற ஆபத்தான உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. நன்றாக உலர்த்திய இலையையே போடுங்கள். பச்சை இலைதான் வேண்டுமென்றால் குளிர்பெட்டியில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

தலைமுடிக்கு என்று வாங்குகிறவர்களும் உண்டு. இலையைக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் முடியை அலசலாம். கடையில் சின்னக் குப்பியில் விற்கும் செறிவான ரோஸ்மேரி எண்ணெய் வேறு சங்கதி. அதை நேரடியாகத் தலையில் தடவாமல், ஒரு தேக்கரண்டி சாதாரண எண்ணெயில் இரண்டு சொட்டு கலந்து, முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கர்ப்பிணிகள் சமையலில் சேர்க்கும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.