சரஸ்வதி மகாலுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தஞ்சாவூர் அரண்மனைக்கு வருகிறவர்களில் பலர் தர்பார் மண்டபத்தையும் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகளையும் பார்த்ததோடு கிளம்பிவிடுகிறார்கள். "லைப்ரரிதானே, புத்தகம்தானே இருக்கும்" என்ற நினைப்பு. முதல் தடவை நானும் அப்படித்தான். சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்தைப் பத்தே நிமிடத்தில் சுற்றிவிட்டு இளநீர் குடிக்க வெளியே வந்துவிட்டேன். எதையெல்லாம் பார்க்காமல் வந்தேன் என்பது அடுத்த தடவைதான் தெரிந்தது.

ஓவியம் என்று நினைத்துக் கடந்துபோவது முதல் தவறு. மனித முகங்களை ஆடு, ஆந்தை, சிங்கம் போன்றவற்றின் முகங்களோடு ஒப்பிட்டு வரைந்த படங்கள் அங்கே இருக்கின்றன. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் அரசவை ஓவியராக இருந்த சார்லஸ் லெ புரூன் வரைந்தவற்றின் அச்சுப் படங்கள் அவை. முகத்தை வைத்துக் குணம் சொல்லலாம் என்று ஐரோப்பா நம்பிய காலத்தின் சாட்சி. இன்று அதை யாரும் அறிவியல் என்று சொல்வதில்லை. சீனாவின் தண்டனை முறைகளைக் காட்டும் படங்களும் உண்டு. அவற்றைப் பார்த்து, நம் ராஜாக்கள் இப்படித்தான் தண்டித்தார்கள் என்று பிள்ளைகளுக்குக் கதை சொல்லிவிடாதீர்கள்!

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது கண் நோயாளிகளின் குறிப்புகள்தான். தஞ்சையின் மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். அங்கே சிகிச்சை பெற்றவர்களின் கண்களைப் படமாக வரைந்து, நோயின் விவரத்தையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் என்கிறோமே, அதேதான். இதில் இன்னொரு தவறும் நடக்கிறது. முழுக்க நம் நாட்டு வைத்தியம் என்று ஒரு கட்சி, வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது என்று இன்னொரு கட்சி. ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஐரோப்பிய மருத்துவம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்த இடம் அது. எந்தக் கட்சிக்கும் அது முழுசாகக் கிடைக்காது.

மோடி ஆவணங்களைக் கிறுக்கல் என்று நினைப்பவர்களும் உண்டு. மோடி என்பது மராத்தியை வேகமாக எழுதுவதற்கான எழுத்து. அரண்மனை நிர்வாகமும் செலவுக் கணக்கும் மூட்டை மூட்டையாக அதில்தான் இருக்கின்றன. அப்புறம், எல்லாமே சரபோஜி சேர்த்தது என்பதும் சரியில்லை. அவர் பெருக்கினார், உண்மைதான். ஆனால் தொடக்கம் நாயக்கர் காலத்தது. பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1918இல்.

சரி, ஓலைச்சுவடிக்கு வருவோம். ஓலை என்றாலே ஆயிரம் வருடம் என்று எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நம் ஊர் வெக்கையிலும் பூச்சியிலும் ஓர் ஏடு முன்னூறு, நானூறு வருடம் தாங்கினால் பெரிய விஷயம். அதனால்தான் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதினார்கள். நூல் பழையதாக இருக்கலாம், கையில் இருக்கிற பிரதி 18 அல்லது 19ஆம் நூற்றாண்டினதாக இருக்கும். கடைசி ஏட்டில் "பிரபவ வருடம் ஆனி மாதம் எழுதி முடிந்தது" என்று இருந்தாலும் அவசரப்படக் கூடாது. பிரபவ அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். கூடவே கொல்லம் ஆண்டு என்ற பழைய ஆண்டுக் கணக்கில் எண் இருந்தால் 825 கூட்டி ஆங்கில ஆண்டைக் காணலாம், சாலிவாகன சகம் என்ற இன்னொரு கணக்கில் இருந்தால் 78 கூட்டலாம். வெறும் பிரபவவை வைத்துக் காலம் சொன்னால் அது ஊகம்தான்.

படிப்பதிலும் சறுக்கல் உண்டு. பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடும் இருக்காது. ஆகவே 'கொல' என்று கண்டால் அது கொல், கோல், கொல, கோல என்று எதுவாகவும் இருக்கலாம். முன்பின் சொற்களும் யாப்பும் தெரிந்தவர்தான் பிரித்துச் சொல்ல முடியும். நமக்கு எழுத்து புரிகிறது என்பதாலேயே பாட்டும் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனதும் சிலர் பரணைக் குடைவார்கள், தாத்தாவின் சுவடி கிடைக்கும். அங்கேதான் நிஜமான சேதம். தேங்காய் எண்ணெய் தடவுவது, வெயிலில் காயவைப்பது, எச்சில் தொட்டுப் புரட்டுவது, உடைந்ததைச் செலோ டேப் போட்டு ஒட்டுவது, எல்லாமே கெடுதல். டேப்பின் பசை பழுத்துக் கறையாகிவிடும், பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். வெள்ளைக் கையுறையும் தேவையில்லை, ஏட்டின் விளிம்பு அதில் மாட்டிக் கிழியும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவதைப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கயிற்றை அவிழ்ப்பதற்கு முன், கட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை கலைந்துவிட்டால் இடது ஓரத்தைப் பாருங்கள். அங்கே தனியாக க, உ என்று இருப்பது எழுத்தல்ல, 1, 2 என்ற ஏட்டு எண்.