கார் கிளட்ச் மாற்றுவது எப்படி?

கிளட்ச் மாற்றும்போது பெரும்பாலான நேரம் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதிலேயே போய்விடும். ஆனால் புது கிளட்ச் ஒழுங்காக உழைக்குமா என்பது, கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது நாம் காட்டும் கவனத்தில்தான் இருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் காரை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் கிளட்ச்தான் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 4ஆவது கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் மட்டும் உறுமி, வேகம் ஏறவில்லையா? கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பெடலை முழுக்க மிதித்தும் கியர் விழவில்லை என்றால் கேபிளையோ ஹைட்ராலிக்கையோ முதலில் சோதியுங்கள்.

சரி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது. கியர் ஆயிலை வடித்து, ஆக்சில்கள், ஸ்டார்ட்டர், கியர் கேபிள்கள், கிளட்ச் இணைப்பு, வயர்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முன்னதாகப் படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் வண்டியோடு பிடித்திருக்கும் மவுண்ட்டில் கை வைக்கும் முன் இன்ஜினுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்ந்துவிடும். அப்புறம் கியர்பாக்ஸை ஜாக்கில் தாங்கி, அதை இன்ஜினோடு இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளைக் கழற்றி, நேராக விலக்கி இறக்குங்கள். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

இனி அவசரப்படாதீர்கள். கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைக் கழற்றி, பழைய பிளேட்டை எடுக்கும்போது அதன் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய வண்டிகளில் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். ஃப்ளைவீலில் (இன்ஜினோடு சுழலும் கனமான தட்டு) வெடிப்போ, நீலம் பாய்ந்த திட்டோ, ஆழமான கோடோ இருந்தால் அதன் மேல் புது பிளேட்டை மாட்டுவது வீண். சுற்றிலும் எண்ணெய்க் கசிவு தெரிந்தால் இன்ஜினின் பின் ஆயில் சீலை இப்போதே மாற்றிவிடுங்கள். பிளேட்டில் எண்ணெய் பட்டால் புதியதும் வழுக்கும், அதிரும். கிரீஸ் கையோடு அதைத் தொடவே வேண்டாம்.

பிளேட்டை மாட்டும் முன் ஃப்ளைவீல் பக்கம் எது என்ற குறியைப் பாருங்கள். அலைன்மென்ட் டூலைச் செருகிப் பிளேட்டை நடுவில் நிறுத்துங்கள். இதைத் தவிர்த்தால் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் உள்ளே நுழையாது. பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் கோணிவிடும். கடைசி இறுக்கம், வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில். பெடலை மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பிறகு அது கத்த ஆரம்பித்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் ஷாஃப்ட்டில் தொங்கக் கூடாது. பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் போல்ட்டை இறுக்கி இழுக்காமல், லேசாக அசைத்து, கோணத்தைச் சரிசெய்து, முழுக்க உட்கார்ந்த பிறகே இறுக்குங்கள்.

மற்றவற்றைக் கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக மாட்டி, கியர் ஆயிலை மறக்காமல் ஊற்றுங்கள். ஹைட்ராலிக் குழாயைத் திறந்திருந்தால் காற்றை வெளியேற்றுங்கள். கேபிள் வகையென்றால் பெடல் ஃப்ரீ பிளேயை, அதாவது பெடல் வேலை செய்யத் தொடங்கும் முன் சும்மா நகரும் தூரத்தை, சரிசெய்யுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை சுமை இழுக்காமல், கிளட்ச்சைப் பாதி மிதித்து ஏற்றத்தில் நிறுத்திவைக்காமல் ஓட்டுங்கள்.