வயதானால் தூக்கம் குறையும் என்று விட்டுவிடலாமா?

"வயசாயிட்டா தூக்கம் வராதுதானே" என்று பேச்சை முடித்துவிடுவதுதான் நம் குடும்பங்களில் நேரும் முதல் தவறு. முதுமையில் தூக்கம் மெலிவதும் விடியுமுன் விழிப்பு வருவதும் இயல்பே. ஆனால் உடலுக்குத் தேவையான தூக்கம் அப்போதும் 7 முதல் 8 மணி நேரம்தான்.

பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 8,000 பேரை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021ல் வெளியிடப்பட்ட ஆய்வில், 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு முதுமை மறதிநோய் வரும் வாய்ப்பு சுமார் 30 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு நடுங்குவதும் தவறே. மூளையில் நோய் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுவதால், தூக்கக் குலைவு அந்நோயின் காரணமா, முன்னறிகுறியா என்பது இன்னும் தீரவில்லை.

நான் மிகவும் அஞ்சுவது மருந்துப் பெட்டியைத்தான். சளிக்கு வாங்கிய குளோர்பெனிரமின் மயக்கம் தருகிறது என்பதற்காகவே அதை இரவுதோறும் விழுங்கும் பாட்டிகள் இருக்கிறார்கள். மறதிநோய்க்குக் கொடுக்கப்படும் டொனெபெசில் மாத்திரை மூளையில் எந்த வேதிப்பொருளைக் கூட்ட முயல்கிறதோ, அதன் வேலையையே இவ்வகை மருந்துகள் தடுக்கின்றன. குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவையும் உடன் வரலாம். மருத்துவர் எழுதித்தந்த தூக்க மாத்திரையோ நள்ளிரவில் கழிவறைக்கு எழும்போது தடுமாறி விழச் செய்யும். ஆனாலும் நெடுநாள் உட்கொண்டதைத் திடீரென நிறுத்தக் கூடாது.

தாத்தா குறட்டை விட்டால் "அசந்து தூங்குகிறார்" என்று மகிழ்கிறோம். குறட்டை சட்டென்று நின்று, சில நொடி அமைதிக்குப் பின் திணறலோடு மூச்சு திரும்பினால், அது தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்கும் மூச்சுத்தடை நோயாக இருக்கலாம். மூளைக்குப் போகும் உயிர்வளி இரவெல்லாம் ஏறி இறங்குகிறது.

மாலை ஏழு மணிக்குக் காப்பிக்கடையில் ஒரு தே தாரிக் (பால் தேநீர்), பிறகு வசந்தம் தொலைக்காட்சியில் தொடர் பார்த்தபடியே சோபாவில் இரண்டு மணி நேரத் தூக்கம், இரவு இரண்டு மணிக்கு விழிப்பு: இதற்கு மாத்திரை எதற்கு? காலை வெயிலில் நம் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடப்பதும் பகல் தூக்கத்தைச் சுருக்குவதும் முதலில் செய்யத்தக்கவை.

மருத்துவரைப் பார்க்கப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போகும்போது இரு வாரத் தூக்கக் குறிப்பையும், நாட்டு மருந்து உட்பட எல்லா மருந்துகளையும் ஒரே பையில் கொண்டுசெல்லுங்கள். கனவில் கத்துவதும் கைகால்களை உதறுவதும் லூயி பாடி என்ற ஒருவகை மறதிநோய்க்கு முன்னோடியாக வரக்கூடியவை என்பதால், பக்கத்தில் படுப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.