தூரிகை முனை பிளந்தது ஏன்?

சீனத் தொடரெழுத்தான சாவ்ஷுவைப் பழகத் தொடங்கி எட்டு மாதங்கள் வரை என் கோடுகள் பிசிறடித்தே வந்தன. வளைவில் திரும்பும்போதெல்லாம் தூரிகை முனை இரண்டாகப் பிளந்துகொள்ளும். மென்மையான ஆட்டு மயிர்த் தூரிகையை விட்டுவிட்டு விறைப்பானதை வாங்கினேன். மையைக் கெட்டியாக அரைத்தேன். பலனில்லை.

தாங் அரசமரபுக் காலத்து எழுத்துக்கலைஞர் சுன் குவோடிங் 687இல் எழுதிய 'ஷுபூ' என்ற எழுத்துக்கலை நூற்சுருளின் பெரிதாக்கிய அச்சுப்படியைப் பார்த்தபோதுதான் பிழை புலப்பட்டது. அதில் எழுத்துக்கு உரிய கோடுகள் தடித்து நிற்கின்றன. அடுத்த கோட்டுக்குத் தாவும் இணைப்போ நூலிழை. நான் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் இழுத்திருக்கிறேன். வேகம்தான் சாவ்ஷு என்ற தப்பெண்ணம் வேறு!

முழங்கையை மேசையிலிருந்து உயர்த்தினேன். திருப்பத்தில் ஒரு கணம் தயங்கி, முனை மட்டும் தாளைத் தொடுமளவு தூரிகையைத் தூக்கி, மயிர் ஒன்றுகூடிய பிறகே திசை மாற்றினேன். சீன எழுத்தின் இடப்பக்கத்தில் நீரைக் குறிக்கும் மூன்று புள்ளிகள் சாவ்ஷுவில் ஒரே கீழிறங்கு கோடாகச் சுருங்கும். அந்த ஒன்றை மட்டும் இரண்டு வாரம் எழுதினேன். பன்னிரண்டாம் நாள், அடியில் மேல்நோக்கித் திரும்பும் இடம் பிசிறின்றி வந்தது. மனம் துள்ளியது.

இப்போது துறவி ஹுவைசூவின் 777ஆம் ஆண்டுத் தன்வரலாற்றுச் சுருளைப் பார்த்து எழுதுகிறேன். கம்பிபோன்ற அந்தக் கோடுகளில் முனை நடுவிலேயே ஓடுகிறது. என் கை இன்னும் வலப்பக்கம் சாய்கிறது.